கடற்கரைக்காரனுக்கு ஹாபி கிடையாதாம்! (குழம்பு வைக்கிறவங்க உள்ளே வரவும்)

தங்கூஸ்_தங்கச்சிமடம்
நேத்து "வார இறுதிக்கு எங்கிட்டுப் போகலாம்" இழையில வைகைக்கரை_ரீல்ங்கிற மதுரைத் தம்பி நம்ம ராமநாதபுரக் கரையைப் பத்தி எழுதினது இது. ஒரு எழுத்து மாத்தாம எடுத்துப் போடுறேன்:

"மண்டபத்துல இருந்து மூக்கையூர் வரைக்கும் சுத்திட்டேன். இவ்வளவு அருமையான கடல் இருந்தும் ஊர்க்காரங்களுக்கு ஹாபின்னு ஒண்ணு கிடையாது. சாயங்காலமானா டீக்கடை, கேரம், செல்போன். படகு ஜெட்டியில உக்காந்து தூண்டில் போடுறாங்களே, அதெல்லாம் ஹாபில வராது. பிடிச்ச மீனைக் கொண்டுபோய்க் குழம்பு வச்சிடுறாங்க. ஆங்லிங்னா பிடிக்கணும், போட்டோ எடுக்கணும், திரும்ப விடணும்."

நான் அரசாங்க வேலையில இருந்து ஓய்வு வாங்கினவன். கடல்தொழிலுக்குப் போறவன் இல்ல. சாயங்காலம் தங்கூஸ் (நைலான் நரம்பு) உருளை, ரெண்டு முள்ளு, ஈயம், பொட்டலத்துல கொஞ்சம் இறால். இதை எடுத்துக்கிட்டு வடகடல் பக்கம் போய் உக்காருவேன். நகரை ஏறும், ஓரா ஏறும், நல்ல நாளா இருந்தா ஒரு பாரை. ஏறினா வீட்டுக்கு. ஏறலைன்னாலும் வீட்டுக்கு. இது ஹாபி இல்லைன்னு சொல்ல நீங்க யாரு தம்பி?

குழம்பு வச்சா ஹாபி கிடையாதா? கொல்லையில தோட்டம் போடுறவன் கத்திரிக்காயைப் பறிச்சு, போட்டோ எடுத்து, திரும்பச் செடியில ஒட்டியா வைக்கிறான்?

பதில் சொல்லுங்க. இங்கனதான் இருக்கேன்.

தேவிபட்டினம்_டீ
கத்திரிக்காய்க்கு ஒரு சலாம்ணே.

வைகைக்கரை_ரீல்
ஐயா, என் பதிவுல பத்து விஷயம் எழுதியிருந்தேன். உங்க கண்ணுக்குக் குழம்பு மட்டும்தான் பட்டிருக்கு. பசி நேரம் போல.

நான் ராடு, ஸ்பின்னிங் ரீல், பிரெய்டு லைன், பாப்பர், ஜிக் எல்லாம் வச்சு முறையாப் பழகினவன். முள்ளோட பின்பக்கம் துருத்திட்டு இருக்கிற சின்னக் கூரை நசுக்கிட்டுத்தான் போடுறேன், மீனுக்குக் காயம் குறையும்னு. கையை நனைச்சுட்டுத்தான் மீனைத் தொடுறேன், மேல இருக்கிற வழவழப்பு போயிட்டா அதுக்கு நோய் வரும்னு. தண்ணிய விட்டு வெளியே அதிக நேரம் வைக்கிறதில்ல. இது விளையாட்டு. நீங்க செய்யுறது சமையலுக்கு முந்தின வேலை. அது தப்புன்னு நான் சொல்லல, ஹாபி இல்லைன்னுதான் சொல்றேன்.

கத்திரிக்காய்க்கு உயிர் துடிக்காது.

தங்கூஸ்_தங்கச்சிமடம்
"சமையலுக்கு முந்தின வேலை." எல்லாரும் இதைக் குறிச்சு வச்சுக்கங்க.

உயிர் துடிக்கிறதைப் பத்தி நீங்க பேசுறதுதான் தமாஷ். போன வருஷம் குந்துகால்ல இருந்து படகுல வெளிய போய் ஆழத்துல ஒரு களவா இழுத்தீங்க. இங்கதான் போட்டோ போட்டீங்க, "விட்டாச்சு, போய் வா நண்பா"ன்னு எழுதி. அந்தப் போட்டோவை இப்பவும் போய்ப் பாருங்க. வயிறு வாய் வழியா வெளிய தள்ளிக் கிடக்கு. கண்ணு பிதுங்கிக் கிடக்கு. ஆழத்து மீனை ஒரே இழுப்பா மேல கொண்டாந்தா உள்ளே இருக்கிற காத்துப்பை உப்பிப்போகும். அது திரும்பக் கீழே இறங்க முடியாது. மல்லாந்து மிதக்கும், கழுகு வந்து கொத்தும். நீங்க விட்டது நண்பனை இல்ல, பொணத்தை.

எங்க வீட்டுக்கு வந்திருந்தா அந்தக் களவா குழம்பாவது ஆகியிருக்கும்.

வைகைக்கரை_ரீல்
அதுக்கு ஊசி வச்சுக் காத்தை இறக்குற முறை இருக்கு. கனம் கட்டி ஆழத்துக்கே கொண்டுபோய் விடுற கருவியும் இருக்கு. உங்களுக்குத் தெரியாதது எல்லாம் உலகத்துல இல்லைன்னு நினைக்காதீங்க.

தங்கூஸ்_தங்கச்சிமடம்
முறை இருக்கட்டும். நீங்க குத்துனீங்களா?

வைகைக்கரை_ரீல்
பேச்சு நான் குத்தினேனா இல்லையாங்கிறது இல்ல. ஊர்ல ஹாபி கலாசாரம் இருக்கா இல்லையாங்கிறது.

தங்கூஸ்_தங்கச்சிமடம்
குத்தலை. சரி.

சும்மா_வந்தவன்
ஒரு சின்ன யோசனை. ஹாபின்னா என்னன்னு முதல்ல எல்லாரும் ஒத்துக்கிட்டா இந்த விவாதம் சுலபமா முடியும். காசுக்காகச் செய்யாதது, விருப்பத்தோட திரும்பத் திரும்பச் செய்யுறது, அப்படி ஏதாவது ஒரு வரையறை...

தேவிபட்டினம்_டீ
தம்பி, முடிக்கிறதுக்கா வந்திருக்கோம்? ஓரமா நில்லுங்க.

கச்சான்_காத்து
ஊர்ப் பசங்களுக்கு ஹாபி இல்லைன்னு சொன்னதுக்கு நான் பதில் சொல்லணும். நான் பிரப்பன்வலசைப் பக்கம். கயாக், பேடில் போர்டு, கைட் சர்ஃபிங் எல்லாம் இங்க ஊர்ப் பசங்களே ஓட்டுறோம், வெளியூர்க்காரங்களுக்குக் கத்தும் குடுக்கிறோம். கச்சான் (தென்மேற்குக் காத்து) அடிக்கிற மாசம் ஒரு பக்கம், வாடை (வடகிழக்குக் காத்து) அடிக்கிற மாசம் இன்னொரு பக்கம். இங்க நிலத்துக்கு வடக்கேயும் தெக்கேயும் கடல், அதனால வருஷத்துல பாதிக்கு மேல ஏதாவது ஒரு கரையில காத்து சரியா அமையும். இந்த மாதிரி இடம் இந்தியாவுல எத்தனை இருக்குன்னு வைகை அண்ணே சொல்லட்டும்.

வைகைக்கரை_ரீல்
தம்பி, அது சுற்றுலாத் தொழில். காசு வாங்கிட்டுக் கத்துக்குடுத்தா அது ஹாபியா?

கச்சான்_காத்து
காலையில காசுக்கு. சாயங்காலம் காத்து இருந்தா எங்களுக்கு.

தங்கூஸ்_தங்கச்சிமடம்
பாத்தீங்களா? மீனைத் தின்னா ஹாபி இல்ல, காசு வாங்கினா ஹாபி இல்ல. இவரு செஞ்சா மட்டும் ஹாபி.

ஆனா கச்சான் தம்பி, உங்களுக்கும் ஒண்ணு. கரைவலை விட்டிருக்கிற இடத்துல பட்டத்தைக் கட்டிக்கிட்டுப் பாயாதீங்க. போன சீசன்ல சத்தம் கிளம்பினது உங்களுக்கே தெரியும்.

கச்சான்_காத்து
அது எங்க ஆள் இல்லைண்ணே. வெளியூர் ஆள். அன்னைக்கே சொல்லிட்டோம்.

தங்கூஸ்_தங்கச்சிமடம்
எல்லாத் தப்பும் வெளியூர் ஆள்தான் செய்யுறாக. சரி.

கீழக்கரை_காக்கா
அஸ்ஸலாமு அலைக்கும். ரெண்டு நாளா வாசிச்சுக்கிட்டு இருக்கேன். ஹாபின்னா தூண்டிலும் காத்தும்தானா? எங்க வாப்பா கொழும்புல கடை வச்சிருந்த காலத்துல சேத்த தபால்தலை ஆல்பம் இன்னமும் என்கிட்ட இருக்கு. அதுபோக நான் பழைய காசு சேக்குறேன். சேதுபதி காசு இருக்கு. டச்சுக் கம்பெனி செப்புக்காசு இருக்கு, வி.ஓ.சி.ன்னு மூணு எழுத்து பின்னிக் கிடக்கும். எங்க தெருவுல மட்டும் என்னையும் சேத்து நாலு பேர் இந்தப் பைத்தியம். வைகைக்கரைத் தம்பி ஊரைச் சுத்தினது எந்த வழியா?

குழம்பு விஷயத்துல நான் தங்கூஸ் காக்கா பக்கம். பிடிச்ச மீனை ஆணம் காய்ச்சாம விடுறது எங்க ஊர்ல வீண் செலவுன்னு சொல்லுவாங்க.

தேவிபட்டினம்_டீ
வ.உ.சி. காசு வேற அடிச்சாரா? கப்பல் மட்டும் விட்டாருன்னு நினைச்சேன்.

கீழக்கரை_காக்கா
டச்சுக்காரனோட கம்பெனி முத்திரை தம்பி அது. எல்லாத்துலயும் விளையாட்டு வேணாம்.

சொல்ல மறந்துட்டேன். மழை பெய்ஞ்ச மறுநாள் அழகன்குளம் மேட்டுப் பக்கம் போனா இன்னும் பானை ஓடு மேல வந்து கிடக்கும். கோடுகோடா வட்டம் போட்ட ஓடு, மணி. அப்படிப் பொறுக்கினதும் ஒரு டப்பா நிறைய வச்சிருக்கேன்.

பூநாரை_டீச்சர்
காக்கா, வணக்கம். இதைப் பொதுவுல எழுதாம இருந்திருக்கலாம். அழகன்குளத்துல 1986-87லயே மாநிலத் தொல்லியல் துறை தோண்ட ஆரம்பிச்சு, ரோமானியக் காசு, அந்த வட்டக்கோட்டுப் பானை எல்லாம் எடுத்த இடம் அது. ஒரு ஓடு எந்த மண்ணடுக்குல கிடந்ததுங்கிறதுதான் அதோட மதிப்பு. நீங்க டப்பாவுல போட்டுட்டா அது வெறும் ஓடு. மண்ணுல புதைஞ்ச பொருள் 10 ரூபாய் மதிப்புக்கு மேல கிடைச்சா ஆட்சியருக்குத் தெரிவிக்கணும்னு 1878 புதையல் சட்டமே இருக்கு.

கீழக்கரை_காக்கா
டீச்சரம்மா, உடைஞ்ச பானை ஓட்டுக்கு 10 ரூபாய் யாரு தருவா? சந்தையில 1 ரூபாய்க்குக் கூட வாங்க மாட்டான்.

பூநாரை_டீச்சர்
காசும் மணியும் அதே டப்பாவுலதானே இருக்கு?

கீழக்கரை_காக்கா
காசு வேற டப்பா. கீழக்கரையில தட்டார்கிட்ட காசு குடுத்து வாங்கினது. திருட்டுப் பட்டம் கட்டாதீங்க. நான் என் ஹாபியைச் சொல்ல வந்தேன், வாக்குமூலம் குடுக்க வரல.

தங்கூஸ்_தங்கச்சிமடம்
வைகைத் தம்பிக்குச் சந்தோஷமா இருக்கும். இனிமே காக்கா ஓட்டை எடுத்து, போட்டோ பிடிச்சு, திரும்ப மேட்டுல புதைச்சு வைக்கணும். அப்பத்தான் ஹாபி.

வைகைக்கரை_ரீல்
டீச்சர் சொல்றதும் நான் சொல்றதும் ஒண்ணுதான். எடுத்தா திரும்ப வை. நல்லாக் கேட்டுக்கங்க.

பூநாரை_டீச்சர்
என்னை உங்க கட்சியில சேக்காதீங்க. உங்ககிட்டக் கேக்க எனக்கும் ஒண்ணு இருக்கு. போன மாசம் நீங்க போட்ட போட்டோவுல பின்னாடி தீவு தெரியுது, கீழே தண்ணிக்குள்ள பவளப்பாறை தெரியுது. அது எந்த இடம்? மன்னார் வளைகுடாவுல 21 தீவும் அதைச் சுத்தின ஆழமில்லாத கடலும் 1986லயே தேசியப் பூங்கா ஆயிடுச்சு. அதுக்குள்ள நின்னுக்கிட்டு "பிடிச்சு விடுறேன்"னு சொன்னா வனத்துறை கேக்காது.

வைகைக்கரை_ரீல்
அது பூங்காவுக்கு வெளியே. கேமரால கிட்டத் தெரியும்.

தங்கூஸ்_தங்கச்சிமடம்
கேமரால கிட்டத் தெரியுமாம். சபாஷ். நல்லா கேட்டீங்க டீச்சர். நாங்க குழம்பு வைக்கிறதைக் கண்டுபிடிச்சவரு தீவு எங்கிட்டு இருக்குன்னு கண்டுபிடிக்க முடியலயாம்.

பூநாரை_டீச்சர்
ஐயா, உங்க வீட்டு ஷோகேஸ்ல ஒரு பெரிய பவளத்துண்டு இருக்கிறதை நீங்களே பொங்கல் போட்டோவுல காட்டியிருக்கீங்க. சங்கு, சிப்பி சேக்கிறது நம்ம கரையில நிறையப் பேருக்குப் பழக்கம்தான், எனக்கும் சின்ன வயசுல இருந்தது. ஆனா பவளம் 2001ல வனவிலங்குச் சட்டப் பட்டியல்ல வந்துருச்சு. கடல்குதிரை, கடல் அட்டை எல்லாம் அதே வருஷம்தான். செத்த பவளமா இருந்தாலும் வீட்டுல வைக்கக் கூடாது.

தங்கூஸ்_தங்கச்சிமடம்
டீச்சர், அது எங்க தாத்தா வீட்டுச் சுவர்ல இருந்த கல்லு. வீட்டை இடிச்சப்ப ஒண்ணை ஞாபகத்துக்கு எடுத்து வச்சேன். அந்தக் காலத்துல இந்தக் கரை முழுக்க அந்தக் கல்லுலதான் சுவர், அந்தக் கல்லைச் சுட்டுத்தான் சுண்ணாம்பு. சட்டம் வர்றதுக்கு முந்தின கல்லு. ஹாபிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

பூநாரை_டீச்சர்
அப்படி வெட்டி வெட்டித்தான் பூவரசன்பட்டியும் விலங்குச்சல்லியும் கடலுக்குள்ள போச்சு. 21 தீவுன்னு சொல்றோம், ரெண்டு தண்ணிக்குள்ள இருக்கு.

தங்கூஸ்_தங்கச்சிமடம்
எங்க தாத்தா ரெண்டு தீவையும் முழுங்கலம்மா. ஒரு வீடுதான் கட்டினாரு.

வைகைத் தம்பி நடுவுல நைசா நழுவுறாரு. தம்பி, ஊசி குத்தினீங்களா இல்லையா?

வைகைக்கரை_ரீல்
கலாசாரத்தைப் பத்திப் பேசுனா ஊசியைப் பத்திப் பேசுறீங்க. நான் கேட்டது, பாட்டு, ஓவியம், வாசிப்பு, ஏதாவது ஒண்ணு இந்தக் கரையில இருக்கா? நீங்க காட்டுறது எல்லாம் ஒண்ணு மீன், இல்லைன்னா மீனுக்கு இரை.

தங்கூஸ்_தங்கச்சிமடம்
பேக்கரும்புக்குப் போயிருக்கீங்களா? 2017ல திறந்த நினைவிடம். கலாம் ஐயா வீணையோட உக்காந்திருக்கிற சிலையைப் பாருங்க. எங்க ஊர்க்காரர். ராக்கெட் விட்ட கையால வீணை வாசிச்சவர், கவிதை எழுதினவர். இதுக்கு மேல ஹாபிக்கு ஆள் காட்டணுமா?

வைகைக்கரை_ரீல்
அவர் வீணை எடுத்தது ராமேஸ்வரத்துல இருந்தப்பவா?

தங்கூஸ்_தங்கச்சிமடம்
கலாம் ஐயாவையே குறுக்கு விசாரணை பண்றாருய்யா!

தேவிபட்டினம்_டீ
தங்கூஸ் அண்ணே, அவர் மீன் பிடிச்சா குழம்பு வச்சிருப்பாரா, விட்டிருப்பாரா?

தங்கூஸ்_தங்கச்சிமடம்
அவர் சைவம் சாப்பிட்டவரு. வாயை மூடுய்யா.

கச்சான்_காத்து
நீச்சலை விட்டுட்டீங்க. தலைமன்னார்ல இருந்து தனுஷ்கோடிக்கு நீந்துறதுக்கு எங்கெங்கோ இருந்து வர்றாங்க, கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர். 1994ல குற்றாலீஸ்வரன் நீந்தினப்போ 12 வயசு.

வைகைக்கரை_ரீல்
அவர் சென்னை.

கச்சான்_காத்து
கடல் எங்களோடது.

பாசிக்காரி
எல்லா ஆம்பளைகளுக்கும் வணக்கம். எனக்கு ஊர் சின்னப்பாலம். முதல்ல இருந்து வாசிச்சேன். தங்கூஸ் அண்ணனுக்கு ஒரு கேள்வி. குழம்பு வச்சா ஹாபி இல்லையான்னு இத்தனை தடவை கேட்டீங்களே, அந்தக் குழம்பை வச்சது யாரு?

தங்கூஸ்_தங்கச்சிமடம்
வீட்டுக்காரம்மாதான். அவங்களுக்கு அது பிடிச்ச வேலை.

பாசிக்காரி
கேட்டீங்களா?

தங்கூஸ்_தங்கச்சிமடம்
தங்கச்சி, அதுக்கும் மதுரைத் தம்பி சொன்னதுக்கும் என்ன சம்பந்தம்? பேச்சை மாத்தாதீக.

பாசிக்காரி
மாத்தல. நீங்க சாயங்காலம் உக்காந்து மீன் பிடிச்சா அது ஓய்வு. ராத்திரி அதைச் செதில் எடுத்து, கழுவி, புளி கரைச்சு ஊத்தினா அது என்ன? வைகைக்கரைத் தம்பி விட்டுட்டுப் போற மீனாவது யாருக்கும் வேலை வைக்கலை.

நாங்க அமாவாசை, பௌர்ணமி ஒட்டிக் கடல்பாசி எடுக்கப் போறோம். விரல்ல துணியைச் சுத்திக்கிட்டு, காலுல தகடு கட்டிக்கிட்டு, மூச்சைப் பிடிச்சு முங்கி எடுக்கிறோம். அதைப் பாத்துட்டு வர்ற கேமராக்காரங்க "உங்களுக்குக் கடல்ல நீந்துறது பிடிக்குமா"ன்னு கேக்கிறாங்க. பிடிக்கும். ஆனா அது ஹாபின்னு யாராவது சொன்னா அடிக்கத் தோணும். வீட்டுல உக்காந்து ஓலைப்பெட்டி முடையுறேன், அதுதான் எனக்கு ஹாபி. சாயம் போட்ட ஓலையில கட்டம் மாத்தி மாத்தி நானே ஒரு பின்னல் கண்டுபிடிச்சேன். அதைக் காட்டினா ஒரு ஆளு "எவ்வளவுக்கு விப்பே"ன்னு கேக்குறாரு. எதைச் செஞ்சாலும் எங்களுது தொழிலாப் போயிடுது, உங்களுது மட்டும் ஹாபியா இருக்கு.

சும்மா_வந்தவன்
இதுக்குத்தான் சொன்னேன், வரையறை...

வைகைக்கரை_ரீல்
அக்கா சொன்னது சரியான பாயிண்ட். என் முறைதான் பெண்களுக்கும் நல்லதுன்னு அக்காவே சொல்லிட்டாங்க.

பாசிக்காரி
நான் அப்படிச் சொல்லல. உங்க ராடு, ரீல் எல்லாத்தையும் துடைச்சு வைக்கிறது யாரு?

வைகைக்கரை_ரீல்
நான்தான்.

தங்கூஸ்_தங்கச்சிமடம்
இதுக்கு மேல பொறுக்க முடியாது. "நான்தான்" துடைக்கிறாராம்! ஊருக்குத் தெரியட்டும். என் மவன் சிங்கப்பூர்ல இருந்து ஒரு ரீல் வாங்கி அனுப்பினான். எனக்கு அது வேண்டாம், கைத்தூண்டில்தான் பழக்கம்னு அலமாரியில வச்சிருந்தேன். இந்தத் தம்பி "ஐயா ஒரு வாரத்துக்குக் குடுங்க"ன்னு நயமாப் பேசி வாங்கிட்டுப் போனாரு. திரும்பி வர்றப்போ கைப்பிடி சுத்தல. உள்ளே உப்பு பூத்துக் கிடக்கு. கடல்ல போட்ட ரீலை நல்ல தண்ணில அலசணும்ங்கிற பாடம் கூடத் தெரியாதவரு எனக்கு ஹாபி கத்துக்குடுக்க வந்துட்டாரு.

வைகைக்கரை_ரீல்
அது வாங்கும்போதே கரகரன்னு சத்தம் போட்டுச்சு. அலமாரில கடல்காத்து படுற பக்கம் வச்சிருந்தீங்க. உப்பு உங்க வீட்டு உப்பு.

தங்கூஸ்_தங்கச்சிமடம்
என் வீட்டு உப்பைப் பத்திப் பேசாதீங்க தம்பி. அதைச் சாப்பிட்டுட்டும் போயிருக்கீங்க. அன்னைக்கு வச்சது என்ன தெரியுமா? நகரைக் குழம்பு. ரெண்டு தடவை வாங்கி ஊத்திக்கிட்டாரு. அப்ப அது ஹாபில வருதா வரலையான்னு கேக்கலை.

தேவிபட்டினம்_டீ
ஆத்தாடி.

நடத்துநர்
தனிநபர் தாக்குதல் வேண்டாம். இழை ஓய்வு நேர விருப்பங்கள் பற்றியது. ரீல் சம்பந்தமான வழக்கைத் தனிமடலில் பேசிக்கொள்ளவும்.

தங்கூஸ்_தங்கச்சிமடம்
நடத்துநர் ஐயா, நான் தாக்கலை. நடந்ததைச் சொன்னேன். தாக்கினது அவரு, ஒரு கரையையே தாக்கினாரு.

இன்னும் ஒண்ணு. "ஊர்க்காரங்க சும்மா டீக்கடையில உக்காந்திருக்காங்க"ன்னு எழுதியிருக்காரு. ஏன் உக்காந்திருக்காகன்னு கேட்டாரா? பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுக்கு வாரத்துக்கு 3 நாள்தான் கடல். மிச்ச 4 நாள் நாட்டுப்படகுக்கு. அது ரொம்பக் காலத்து ஏற்பாடு. அதுபோக ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம். அப்ப வந்து பாத்துட்டு "சும்மா இருக்காங்க"ன்னு எழுதினா? அந்த நாள்ல வலை கட்டுறான், படகுக்குப் பெயிண்ட் அடிக்கிறான், சாயங்காலம் மணல்ல வாலிபால் ஆடுறான். தொண்டிப் பக்கம் போனா திருவிழாவுக்குப் பாய்மரப் படகுப் பந்தயம் விடுறாக. என்ஜின் கிடையாது, காத்து மட்டும்தான். பாயை எப்பத் திருப்பணும், எப்ப ஆளு பலகையில சாஞ்சு கனம் குடுக்கணும்னு ஒரு நொடி தப்பினா படகு கவுந்துரும். அதுல ஓடுறவன் யாரும் மறுநாள் அந்தப் படகை வச்சு மீன் பிடிக்கப் போறதுக்காக ஓடலை. அதைப் பாக்க ஒரு நாள் வந்திருப்பாரா தம்பி?

வைகைக்கரை_ரீல்
பரிசு எவ்வளவுன்னு சொல்லலையே. பரிசுக்கு ஓடுனா அது போட்டி, ஹாபி இல்ல.

தங்கூஸ்_தங்கச்சிமடம்
மறுபடியும் ஆரம்பிச்சாச்சு.

கீழக்கரை_காக்கா
தம்பி சொல்றபடி பாத்தா தபால்தலைக்கும் விலை உண்டு, அதுவும் ஹாபி இல்ல. தூக்கம் மட்டும்தான் மிச்சம்.

வெளியூர்_ஆசாமி
வணக்கம். ஜனவரில குடும்பத்தோட வர்றோம். பூநாரை பாக்கணும்னு ஆசை. எங்க பாக்கலாம்? எனக்கு டிரோன் போட்டோகிராஃபி ஹாபி, அதையும் எடுத்துட்டு வரலாமா?

பூநாரை_டீச்சர்
வாங்க. தனுஷ்கோடிக்குப் போற வழியில கோதண்டராமர் கோயில் பக்கம் ஆழமில்லாத தண்ணியில நிக்கும். அந்தப் பகுதியை 2025 ஜூன்ல பெரும்பூநாரைச் சரணாலயமா அறிவிச்சிருக்காங்க. பைனாகுலர் கொண்டாங்க, காலையில வாங்க. நேரம் இருந்தா சக்கரக்கோட்டைக் கண்மாய், தேர்த்தங்கல் போங்க, ரெண்டும் ராம்சார்ங்கிற உலக முக்கிய நீர்நிலைப் பட்டியல்ல இருக்கு. டிரோனை வீட்டுல வச்சுட்டு வாங்க. அந்தச் சத்தத்துக்கு மொத்தக் கூட்டமும் இரையை விட்டுட்டு எழும்பிடும்.

தங்கூஸ்_தங்கச்சிமடம்
பறவை எழும்புறது இருக்கட்டும். உச்சிப்புளில கடற்படையோட விமானத்தளம் ஐ.என்.எஸ். பருந்து இருக்கு. இந்தக் கரை முழுக்க பாதுகாப்புக் கெடுபிடி. அனுமதி இல்லாம டிரோனைப் பறக்கவிட்டா ஜனவரி முழுக்க இங்கேயே தங்க வேண்டி வரும். அரிச்சல்முனைக்கும் பொழுதோட போயிட்டு வந்துருங்க, சாயங்காலமானா போலீஸ்காரங்க திருப்பி அனுப்பிருவாக.

வைகைக்கரை_ரீல்
பாருங்க, வர்ற ஆள் ஒரு ஹாபி சொன்னா உடனே தடை. இதுதான் நான் சொன்னது.

பூநாரை_டீச்சர்
பறவையைத் துரத்துறது ஹாபியா?

வைகைக்கரை_ரீல்
பானை ஓடு கூடாது, பவளம் கூடாது, டிரோன் கூடாது. உங்க லிஸ்டுல என்னதான் மிச்சம் டீச்சர்?

பூநாரை_டீச்சர்
பாக்கிறது. கையை வச்சுக்கிட்டுச் சும்மா பாக்கிறது.

பாசிக்காரி
அதுக்கும் நேரம் வேணும் டீச்சர்.

வைகைக்கரை_ரீல்
சரி, எல்லாப் பேச்சையும் விடுங்க. தங்கூஸ் ஐயாவுக்கு ஒரு சவால். வர்ற ஞாயிறு நீங்க கைத்தூண்டில், நான் ராடு. ஒரே இடம், ஒரே நேரம். யார் பெரிய மீன் ஏத்துறாங்கன்னு பாப்போம். குந்துகால்ல இருந்து தெற்கே.

தங்கூஸ்_தங்கச்சிமடம்
கச்சான் அடிக்கிற மாசத்துல தெற்கே போறேங்கிறாரு, இவருதான் கடல் தெரிஞ்சவரு. இப்ப தென்கடல் குதிக்கும், வடகடல் தூங்கும். வாடை மாசத்துல மாறும். இது இங்க மூணாங்கிளாஸ் படிக்கிற பையனுக்குத் தெரியும்.

வைகைக்கரை_ரீல்
ஆப்ல பாத்துட்டேன். ஞாயிறு காலையில காத்து குறைவுதான்.

கச்சான்_காத்து
அண்ணே, அந்த ஆப் பத்து மணி வரைக்கும்தான் சரி. அதுக்கப்புறம் இங்க காத்து அது காட்டுறதை விடக் கூடத்தான் வரும். நாங்க அதுக்காகத்தான் காத்திருப்போம்.

தங்கூஸ்_தங்கச்சிமடம்
கேட்டுக்கங்க. வடகடல்தான். நாட்டுப்படகு நான் பேசுறேன், டீசல் காசு உங்களுது. மேல ஏறுற மீனு யாருதுன்னு இப்பவே முடிவு பண்ணணும். என் தூண்டில்ல ஏறினது என் பையில போகும்.

வைகைக்கரை_ரீல்
போட்டி மீனை அளந்துட்டு விடணும். அதுதான் விதி.

தங்கூஸ்_தங்கச்சிமடம்
யாரு போட்ட விதி? ஏறின மீனை விடுறதா இருந்தா நான் வரலை.

தேவிபட்டினம்_டீ
அளந்துட்டு ஒருத்தர் விடட்டும், ஒருத்தர் வைக்கட்டும். நடுவர் நான்.

வைகைக்கரை_ரீல்
அதெல்லாம் இருக்கட்டும். டீசல் காசு நான் மட்டும் ஏன் குடுக்கணும்? போன தடவை களவா ஏறின நாள்ல மொத்த டீசலும் என் காசு. பாதி தர்றேன்னு கரையில சொன்னவரு யாரு?

தங்கூஸ்_தங்கச்சிமடம்
அந்தப் பாதியை ரீல் கணக்குல கழிச்சாச்சு.

வைகைக்கரை_ரீல்
எந்தக் கணக்குல? நான் எப்ப ஒத்துக்கிட்டேன்?

சும்மா_வந்தவன்
ஒரு நிமிஷம். அந்தக் களவா ஏறினப்போ தங்கூஸ் ஐயாவும் அதே படகுலதான் இருந்தாரா?

தேவிபட்டினம்_டீ
இப்பத்தான் கேக்க வேண்டியதைக் கேட்டிருக்கீங்க தம்பி. அண்ணே, இருக்கீங்களா?

தங்கூஸ்_தங்கச்சிமடம்
இருக்கேன். படகுல இருந்தா என்ன, முள்ளைப் போட்டது அவரு. டீசல் கணக்கை நாளைக்கு நோட்டைப் பாத்து எழுதுறேன், ஒரு ரூபா விடாம.